வாடகை கொடாத ஒண்டுக் குடித்தனம்

ஒருவரை முகத்துக்கு நேரே கேட்கக் கூடாத கேள்விகள் என்று நம் நாட்டில் ஒரு ஜாபிதா உண்டு. கல்யாண வீட்டாரிடம் எத்தனை சவரன் என்றும், பரீட்சை எழுதிய பையனிடம் எத்தனை மார்க்கு என்றும், சங்கீத வித்வானிடம் கச்சேரிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றும் கேட்பது மரியாதையல்ல. (ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்!) அந்த ஜாபிதாவின் தலைப்பில் இன்னுமொரு கேள்வியைச் சேர்க்கவேண்டும் என்று சமீபத்தில் நமக்குத் தெரியவந்தது. "உங்களுக்கு வயிற்றில் பூச்சி உண்டா?" என்பதே அது.

குழந்தையைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டால் எந்தத் தாயாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாட்டியோ விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டு எழுந்தே விடுவாள். ஆனால் நாற்பத்தெட்டு வயதான ஒரு கணித ஆசிரியரை, அதுவும் இருபத்தைந்து வருஷமாக மாணவர்களை நடுங்க வைத்தவரைப் பார்த்துக் கேட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளியிலேயே அவரும் இருக்கிறார். நெடுநாள் நீரிழிவினால் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துபோயின. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான்கு நான்கு மணி நேரம் படுத்திருப்பார். மற்ற நாட்களில் வகுப்புக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்துவார். காவிரிப் பாசனத்தில் ஒரு சிறு கிராமத்திலிருந்து அவருடைய தமக்கையார் புறப்பட்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான தேகம், ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை. "எனக்குத்தான் இரண்டு இருக்கிறதே, தம்பி, ஒன்றை நீ வைத்துக்கொள்" என்று, ஏதோ தோட்டத்துத் தேங்காயைப் பகிர்ந்து கொடுப்பதுபோல் சொல்லிவிட்டார். உடன்பிறந்தார் இவ்வாறு கொடுப்பதை 1994-ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. பரிசோதனைகள் நடந்தன. இரத்தம் ஒத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தேதி குறித்தார்கள். வீட்டில் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்தத் தேதி நல்ல நாள்தான் என்றும் நிச்சயித்தார்கள்.

அந்த நிலைமையில்தான் ஓர் இளம் டாக்டர் அம்மாள் வந்து, "சிறு வயதில் வயலில் வெறுங்காலோடு நடந்ததுண்டா?" என்று இருவரையும் கேட்டார்.

அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாற்றங்காலில் செருப்போடு இறங்கினால் ஊர் சிரிக்காதா, அம்மா?" என்றார். தம்பிக்கோ கோபம் வந்தது. அவர் கிராமத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. "எனக்குப் பூச்சியா? ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு வருவதல்லவா அது? இதற்காக ஒரு பரிசோதனை, அதற்காக இன்னும் இரண்டு வாரமா?" என்று நம்மிடம் வந்து பொரிந்து தள்ளினார். அந்தப் பரிசோதனை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசனையும் கேட்டார். நமக்கும் அப்போது விஷயம் தெரியாது. ஆகையால், தெரியாத உபாத்தியாயர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம்: "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, இரவெல்லாம் படித்தோம். படித்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இந்த வாரம் நம்முடைய வேலை.

ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு ஓர் அவயவத்தை மாற்றி வைப்பதில் தையல் வேலை கஷ்டந்தான். ஆனால் அதைவிடக் கஷ்டமானது சமாதானப் பேச்சு. நம் தேகத்தில் ஒரு காவற்படை இருக்கிறது. வெளியார் எவர் வந்தாலும் அது எதிர்த்து நிற்கும். வந்தது நஞ்சா, அமுதமா என்றெல்லாம் விசாரிக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. 1954-ஆம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே முதன்முதலாக ஒரு சிறுநீரகத்தை வெற்றிகரமாக மாற்றி வைத்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். ஆகையால் காவற்படைக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் இரட்டைச் சகோதரர் கிடைப்பாரா? மற்றவர்களுக்குக் காவற்படையை அடக்கி வைக்கத்தான் வேண்டும். முதலில் அஸதயோப்ரினும் ஸ்டீராய்டும் வந்தன. பிறகு சைக்ளோஸ்போரின் வந்தது. நார்வே தேசத்து உயர்ந்த பீடபூமியொன்றில் எடுத்த ஒரு பிடி மண்ணில் இருந்த பூஞ்சக்காளான் கொடுத்த மருந்து அது. அமெரிக்காவில் 1983-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகுதான் அவயவ மாற்றம் என்பது அதிசயம் என்ற நிலைமாறி வைத்தியமாயிற்று. நம் நாட்டில் வேலூரில் 1971-லேயே சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றது என்பதையும் பெருமையுடன் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, காவற்காரனைத் தூங்கவைத்துவிட்டுத்தான் விருந்தாளியை உள்ளே அழைக்கிறோம். விருந்தாளி சௌக்கியமாக இருக்கிறார். ஆனால் காவற்காரன் தூங்குகிறான் என்ற செய்தி வேறு சிலருக்கும் எட்டிவிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பாக்டீரியாக்களும் வைரஸ்களும்; நம் தேசத்தில் காசநோயும் அவற்றோடு சேரும். அவற்றை டாக்டர்கள் எதிர்பார்த்தே இருக்கிறார்கள். தொகையில் குறைந்தவை ஒட்டுண்ணிகள். ஆனால் நினைவில் வராதவையும் அவையே.

மரத்தில் புல்லுருவி என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மனிதனிடத்தில் இருக்கும் ஒட்டுண்ணி, பட்டணத்து ஒண்டுக் குடித்தனக்காரரைப் போன்றது. ஒரு வித்தியாசம், வாடகை கொடுப்பதில்லை. அது மூன்று வழிகளில் அவயவம் பெற்றவரை அடையலாம். முதலாவது, வெகுகாலமாக அவருக்குள்ளேயே சத்தமின்றி இருந்தது விழித்துக்கொள்ளலாம். இரண்டாவது, மாற்றி வைத்த அவயவத்தோடு கூடவே குடிவரலாம். மூன்றாவது, பிறகு உணவிலும் தண்ணீரிலும் புதிதாக வந்து சேரலாம்.

கூடவே குடிவருவதற்கு நல்ல உதாரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். 1908-ல் டூனிஸ் நகரில் ஓர் எலி ஜாதிப் பிராணியிடம் இதை நிக்கோல், மான்ஸோ என்னும் இருவர் கண்டார்கள். பூனையின் மலத்தாலும் அரைவேக்காட்டு மாமிசத்தாலும் இது மனிதனை அடைகிறது. அடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தசைகளுக்குள் சிறு கூடு கட்டிக்கொண்டு அது உறங்குகிறது. இருதயமோ முழுதும் தசை! ஆகவே, இந்தக் கிருமியை ஒரு நாளும் அறியாத ஒருவருக்கு, இதைத் தாங்கிய இருதயம் வாய்த்தால் ஆபத்து அதிகம். அதற்காகவே இருதய மாற்றம் செய்துகொண்டவர்களுக்குக் கோட்ரைமாக்ஸஸால் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்து முன்கூட்டியே காக்கிறார்கள்.

இன்னொன்று தென் அமெரிக்காவில் உள்ளது. பிரேஸில் தேசத்தில் ரெயில் பாதை போட்டுக்கொண்டிருந்த இடத்தில், மலேரியாவைத் தடுக்கச் சென்ற கார்லோஸ் சாகஸ் என்ற டாக்டர், மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவான ஒரு பூச்சி பரப்பும் நோயை 1909-ல் கண்டறிந்தார். அந்நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இருதயத்தைக் கெடுக்கும். கெட்டுப்போன இருதயத்தை மாற்றினாலும், இரத்தத்தில் தங்கிய கிருமி மருந்துகளின் நிழலில் மறுபடி தலைதூக்கக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2001-ல், காலஞ்சென்ற ஒருவரின் அவயவங்களைப் பெற்ற மூவருக்கு இந்நோய் கண்டது. கொடுத்தவர் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர். மனிதர் இடம் பெயரும்போது அவருக்குள் இருக்கும் குடித்தனமும் டிக்கட்டில்லாமல் இடம் பெயருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இனி, நம் நண்பரிடம் டாக்டர் அம்மாள் விசாரித்த ஆசாமிக்கு வருவோம். அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். பெயரை ஒரு முறை உச்சரித்துவிட்டு, நாம் நூற்புழு என்றே அழைப்போம். 1876-ல், கொச்சின்-சீனா என்று அப்போது அழைக்கப்பட்ட வியத்நாம் பகுதியிலிருந்து ஓயாத வயிற்றுப்போக்குடன் திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்களிடம், தூலோன் துறைமுகத்தில் லூயி நார்மாண்ட் என்ற கடற்படை வைத்தியர் இதைக் கண்டார். பெண் புழு இரண்டு மில்லிமீட்டர் நீளம்; மயிரிழையைவிட மெல்லியது. சிறுகுடலின் சுவரில் புதைந்து வாழ்கிறது. ஆண் துணையின்றியே முட்டையிடுகிறது.

இது நம்மிடம் வந்து சேரும் வழி விசித்திரமானது. மலத்தால் அசுத்தமான ஈர மண்ணில் இதன் இளம் புழு காத்திருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குச் சென்று, மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு வரும். நாம் எச்சில் விழுங்கும்போது கூடவே இறங்கிக் குடலை அடைந்து பெரிதாகும்.

கொக்கிப்புழுவும் ஏறக்குறைய இதே பாதையில்தான் வருகிறது. ஆனால் கொக்கிப்புழுவும் நாக்குப்பூச்சியும் தங்கள் சந்ததியை வெளி உலகுக்கு அனுப்பியே தீரவேண்டும். முட்டை மண்ணில் விழுந்து பக்குவப்பட்ட பிறகே மறுபடி ஒருவருக்குள் புகமுடியும். ஆகையால் சுத்தமான ஊருக்குக் குடிபோய்விட்டால், உள்ளே இருக்கும் புழு கிழடாகி இறந்ததும் கணக்கு முடிந்துவிடும். நூற்புழுவின் கணக்கு முடிவதில்லை. அதன் முட்டை குடலுக்குள்ளேயே பொரிகிறது. குஞ்சுகளில் சில, வெளியே போகாமலே பக்குவமடைந்து, குடற்சுவரையே துளைத்து மறுபடியும் அதே யாத்திரையைத் தொடங்குகின்றன. தாய், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஒரே வீட்டில் வம்சம் வளருகிறது. வீட்டுக்காரருக்கோ எப்போதாவது வயிற்று உப்புசம், எப்போதாவது அரிப்பு. பலருக்கு அதுவும் கிடையாது. காவற்படை அவற்றை அழிக்காவிட்டாலும் எண்ணிக்கையை எல்லைக்குள் வைத்திருக்கிறது.

எத்தனை காலம் இப்படி இருக்கமுடியும்? இதற்குச் சரித்திரமே விடை சொல்லியிருக்கிறது. 1942-43-ல் ஜப்பானியர் ஸயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டை வெட்டி ரெயில் பாதை போட்டார்கள். வேலை செய்தவர்கள் யுத்தக் கைதிகள். அவர்களைவிட அதிகமாக, ஆசியக் கூலிகள். அக்கூலிகளில் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். அந்தச் சேற்றில் மாண்டவர் தொகையும் ஆயிரக்கணக்குத்தான். பிழைத்துத் தாய்நாடு திரும்பிய பிரிட்டிஷ் கைதிகளில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களை லிவர்ப்பூல் உஷ்ண தேச வைத்தியப் பள்ளியில் 1968 முதல் 2002 வரையில் பரிசோதித்தார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் நூற்புழு இருந்தது! பனி பெய்யும் இங்கிலாந்தில், பூட்ஸு போட்ட கால்களோடு, பல பத்தாண்டுகள் வாழ்ந்த பிறகும் அந்தக் காட்டுச் சேறு அவர்களை விடவில்லை. இடுப்பிலும் தொடையிலும் திடீரென்று ஒரு சிவந்த தடிப்புத் தோன்றி, கண் முன்னே ஓடி மறையும் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். தோலுக்கடியில் புழு யாத்திரை செய்ததன் அடையாளம் அது.

முப்பது வருஷத்துக்கு முன் கிராமத்தை விட்டேன் என்று நம் நண்பர் சொன்ன வாதம் இவ்விடத்தில் தவிடுபொடியாவதை வாசகர்கள் காணலாம்.

சாதாரணமாக இப்புழுவோடு ஒருவர் ஆயுள் முழுவதும் காலம் தள்ளிவிடலாம். ஆனால் அவயவ மாற்றத்துக்காகக் காவற்படையை அடக்கும்போது, முக்கியமாக ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாகக் கொடுக்கும்போது, எல்லை உடைந்துபோகிறது. நூறாக இருந்தவை லக்ஷமாகப் பெருகுகின்றன. கூட்டம் கூட்டமாகக் குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரலுக்கும் மூளைக்கும் செல்லுகின்றன. போகிறவை தனியாகப் போகின்றனவா? குடலில் உள்ள பாக்டீரியாக்களையும் தம்மோடு இழுத்துச் சென்று இரத்தத்தில் விடுகின்றன. நோயாளிக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல். டாக்டர்கள் பாக்டீரியாவைக் கண்டு அதற்கு மருந்து கொடுப்பார்கள். அதைச் சுமந்து வந்த புழு தெரியாது. புழு இருந்தால் இரத்தத்தில் ஈஸினோபில் என்ற அணுக்கள் மிகுவது வழக்கம். ஸ்டீராய்டு அந்த அடையாளத்தையும் துடைத்துவிடும். பெரும்பாலும் மாற்றத்துக்குப் பின் முதல் சில மாதங்களிலேயே இது நேருகிறது. சிகிச்சை தாமதித்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. தமக்கை கொடுத்த சிறுநீரகம் பழுதின்றி வேலை செய்துகொண்டே இருக்கும். அதைப் பெற்ற தம்பி போய்விடுவார். இதைவிடக் கொடுமை வேறென்ன?

மறுநாள் இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் கணிதக்காரர்; உணர்ச்சியை விடக் கணக்கு அவருக்கு எளிதில் புரியும். "ஒரு பக்கம் இரண்டு வாரம், இன்னொரு பக்கம் அக்காளுடைய சிறுநீரகமும் உங்கள் உயிரும். எது பெரிது?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அக்காள்தான் சொன்னார்: "தம்பி, நான் கொடுக்கப்போகிறதை வைக்கிற இடத்தைப் பெருக்கி மெழுகாமல் வைப்பார்களா? டாக்டர் அம்மாள் கேட்கிறது நியாயந்தான்."

மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதில் ஏமாறக் கூடாது. புழுக்கள் சிலவாக இருந்தால் ஒரு முறை பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. பல முறை பார்க்க வேண்டியிருக்கும். இரத்தத்தில் இப்புழுவை எதிர்க்கும் அணுப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே மேல். அப்படிப் பார்த்தபோது, உரக்கச் சிரித்த அக்காளுக்கு ஒன்றுமில்லை; கோபித்துக்கொண்ட தம்பிக்கு இருந்தது!

அதற்கு மருந்து ஐவர்மெக்டின். ஓரிரண்டு நாள் மாத்திரை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே மாத்திரை. அவ்வளவுதான். இந்த மருந்தின் பூர்வோத்தரமும் மண்தான். ஜப்பானில் இட்டோ என்ற ஊருக்கருகே ஒரு கோல்ப் மைதானத்தை அடுத்து எடுத்த மண்ணில் ஸதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அமெரிக்காவில் வில்லியம் காம்ப்பெல் அதிலிருந்து மருந்துக்கு வழி கண்டார். இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காவிரிக் கரை மண் கொடுத்த நோய்க்கு ஜப்பான் மண் மருந்து கொடுத்தது. அக்காளுடைய தானத்தைக் காக்க மண்ணிலிருந்து பிறந்த இன்னொரு மருந்து உதவுகிறது. மண்ணைக் குறை கூறுவதற்கு நமக்கு வாயில்லை. அதை அசுத்தம் செய்தவர்கள் நாமே.

நண்பருக்கு மாற்றச் சிகிச்சை நடந்து இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார். கொதித்து ஆறிய தண்ணீரையே குடிக்கிறார். (தண்ணீரில் போடும் குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, கொதிக்க வைத்தால் செத்துவிடும். 1993-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக் குழாய்த் தண்ணீரில் அது புகுந்து சுமார் நாலு லக்ஷம் பேரைப் படுக்க வைத்தது.) அக்காள் கிராமத்துக்குத் திரும்பிவிட்டார்.

வாசகர்களில் அவயவ மாற்றம் செய்துகொள்ளப் போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சிலர் எண்ணலாம். விஷயம் அதோடு நிற்கவில்லை. ஆஸ்துமாவுக்கும், மூட்டு வாதத்துக்கும், தோல் நோய்க்கும், வேறு பல வியாதிகளுக்கும் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். முறைப்படி கொடுத்தால் அருமையான மருந்து. ஆனால் நம் ஊர்களில், மூட்டு வலி என்றதும் கடையில் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி மாதக்கணக்காக விழுங்குகிறவர்கள் உண்டு. வலி பறந்துவிட்டதே என்று பக்கத்து வீட்டாருக்கும் சிபாரிசு செய்கிறார்கள். அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால், அவயவ மாற்றம் இல்லாமலே அதே காவற்படை தூங்கும், அதே புழு விழிக்கும். ஆகையால் பெயர் தெரியாத மாத்திரையைத் தொடாதீர்கள். அதற்காக, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. அவரைக் கேட்டே எதையும் செய்யவேண்டும்.

இன்னும் ஒன்று. இதைப் படித்துவிட்டு, அவயவ தானம் என்றாலே பயம் என்று யாரும் ஒதுங்கவேண்டாம். நம் நண்பர் வகுப்பில் நிற்பதே அதற்குச் சமாதானம். ஆஸ்பத்திரியில் உங்கள் பூர்வோத்தரத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: எந்த ஊரில் பிறந்தீர்கள், எங்கே வளர்ந்தீர்கள், வயலில் இறங்கினதுண்டா, எந்தத் தேசத்தில் உத்தியோகம் பார்த்தீர்கள் என்பதெல்லாம் ஊர்வம்பு அல்ல. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். உழவர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, பிள்ளைகள் மிதிக்கும் மண்ணை மலத்தால் அசுத்தமாக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே மிச்சமிருப்பதற்காகத்தான்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மழைச் சேற்றில் குதித்துக் குதித்து வந்தான். நம் நண்பர் தாழ்வாரத்திலிருந்தே முகத் துணிக்குள்ளாக ஓர் அதட்டல் போட்டார். பையன் திடுக்கிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். "கணக்கு வாத்தியார் எதற்கு நம் காலைப் பார்க்கிறார்?" என்று அவன் யோசித்திருப்பான். ஒரு நாள் அவனுக்கும் சொல்லவேண்டும்.